அனைவரும் சரளமாக வாசிக்கிறார்களாம்!

மீட்டிங் என்று காதில் விழுந்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அப்படிப்பட்ட என்னைப் பிடித்து எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் போட்டுவிட்டார்கள். பட்டியலில் ‘கல்வி ஆர்வலர்’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்ததாம். பத்திரிகையில் எழுதுகிறவள்தானே என்று தலைமையாசிரியை கலாவதி டீச்சர் என் பெயரை எழுதிவிட்டார். திருமானூர் பக்கம் வேற ஆர்வலரே கிடைக்கலையா என்று என் வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம். பெற்றோர் வருவார்கள். டீ, பிஸ்கட், தீர்மான நோட்டில் கையெழுத்து. கடைசியில் ஒரு போட்டோ — அதை ஆப்பில் ஏற்றினால்தான் கூட்டம் நடந்ததாக அர்த்தம். வெள்ளிக்கிழமை ஆனால் அரியலூரில் மகள் வீட்டுக்குப் போவது என் வழக்கம். அதனால் டீயைக் குடித்தோமா, கையெழுத்தைப் போட்டோமா, பஸ்ஸைப் பிடித்தோமா என்று இருப்பேன்.

ரெண்டு மாதம் முன்பு அப்படி ஒரு கூட்டம்.

சின்னப் பிள்ளைகள் தமிழ் வாசிக்கப் பழகுவதற்கென்று அரசு பணம் அனுப்பியிருந்தது. அதில் கதைப் புத்தகங்கள் வாங்கி, வகுப்பறையில் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி க்ளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு! என்ன ஒன்று... கயிறு டீச்சரின் தலை உயரத்தில் இருந்தது. போட்டோவில் புத்தகமெல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டாமா?

பணம் அனுப்பியவர்கள் சும்மா விடுவார்களா? பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று குழு பார்த்து, தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு மாதிரித் தீர்மானம் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. எந்தப் புண்ணியவான் எழுதியதோ! டீச்சர் அதை அப்படியே நோட்டில் இறக்கியிருந்தார். நான் வழக்கம்போல முதல் ஆளாகக் கையெழுத்தைப் போட்டேன்.

அடுத்து நோட்டு தலைவியிடம் போனது.

குழுவின் தலைவி செல்வி. அங்கே படிக்கிற பிள்ளையின் அம்மாதான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது விதி. அவள் மகள் ஓவியா மூன்றாம் வகுப்பு. கரும்புத் தோட்டத்தில் வேலை பார்க்கிற செல்விக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் பழகி வைத்திருக்கிறாள். ஆனால் அவளிடம் ஒரு பழக்கம். எந்தக் காகிதமாக இருந்தாலும் ரெண்டு பேரைத் தனித்தனியாக வாசிக்கச் சொல்வாள். ரெண்டு பேர் வாசித்ததும் ஒன்றாக இருந்தால்தான் பேனாவைத் தொடுவாள். ரேஷன் ஃபாரமோ ஆஸ்பத்திரிச் சீட்டோ, எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான்.

முதலில் டீச்சர் வாசித்தார். மூச்சு விடாமல், எக்ஸ்பிரஸ் வேகத்தில். செல்வி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் வெளியே விளையாடிக்கொண்டிருந்த ஓவியாவைக் கூப்பிட்டு நோட்டை நீட்டினாள்.

எனக்கு பஸ் கவலை.

ஓவியா விரலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். “அனை...த்து மாண...வர்களும் ச... சர...” அங்கே நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து வந்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். அந்த வாக்கியம் எங்கே போய் முடியப் போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கு மட்டும்தான் தெரியவில்லை. மூன்றாவது முயற்சியில் ஒருவழியாகக் கரை சேர்ந்தாள்.

“சரளமாக... வாசிக்...கின்றனர்.”

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க எங்களுக்குத் தைரியமில்லை.

“சரளமான்னா என்னங்க டீச்சர்?” என்று செல்வி கேட்டாள்.

“தடங்கல் இல்லாம...” என்றார் டீச்சர், தரையைப் பார்த்துக்கொண்டே.

ஓவியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தான்தான் ஏதோ தப்பு பண்ணிவிட்டோம் என்று நினைத்துவிட்டது பிள்ளை. பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. செல்வி அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

“நீ ஏன்டி அழுவுற? நீ சரியாத்தான் வாசிச்ச. நோட்டுலதான் தப்பு.”

சொல்லிவிட்டு, நோட்டில் தனியாக நின்றுகொண்டிருந்த ஒரே ஒரு கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “நீங்க வாசிச்சீங்களாக்கா?”

என்ன சொல்வது? கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா என்றேன். கண்ணாடி என் நெற்றிமேல்தான் இருந்தது.

கலாவதி டீச்சரைத் தப்பாக நினைக்காதீர்கள். மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக அல்லாடுகிறவர். பதினோரு பிள்ளைகள் இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கிறார்கள் என்று அவரே மளமளவென்று சொல்லிவிட்டார். மற்ற பள்ளிக்கூடமெல்லாம் சரளம் என்று எழுதும்போது, நாம் மட்டும் இல்லை என்று எழுதினால் மேலே விளக்கம் கேட்பார்களே என்றுதான் பயம்.

செல்வி மகளின் கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கேட்டா கேக்கட்டுங்க டீச்சர், என்னையக் கைகாட்டுங்க. எல்லாரும் வாசிக்கிறாங்கன்னு நானே கையெழுத்துப் போட்டுட்டா, எம் மவளுக்குச் சொல்லித் தர இனிமே யாரு வருவா?”

டீச்சர் பழைய தீர்மானத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, பதினோரு பேருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று புதிதாக எழுதினார். செல்வியின் சட்டப்படி அதையும் ரெண்டு பேர் வாசித்தார்கள். அதற்குள் என் பஸ் போய்விட்டது.

பத்து நாள் கழித்து டீச்சர் பதறிக்கொண்டு போன் செய்தார். கல்வி அதிகாரி வருகிறாராம்! நானும் ஓடினேன். செல்வி தோட்டத்திலிருந்து சேற்றுக்காலோடு வந்து நின்றாள். அதிகாரி கோபப்படவில்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொருத்தரையாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரே தீர்மானத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து அவருக்கே தூக்கம் வந்துவிட்டதாம், இந்த ஒன்றைத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாராம். எங்கே ஆள் தேவை என்று யாராவது எழுதினால்தானே அனுப்ப முடியும் என்றார். நியாயம்தானே?

இப்போது செவ்வாயும் வியாழனும் ஒரு பயிற்சி ஆசிரியை வந்து அந்தப் பதினோரு பேரோடு உட்காருகிறார். கயிறு பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டது. புத்தகங்களில் பிஸ்கட் கறை, ரெண்டு அட்டை கிழிந்தாயிற்று. போட்டோவில் முன்னைப்போல எடுப்பாக இல்லை என்று டீச்சர் சந்தோஷமாகப் புலம்புகிறார்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கடைசியாக எந்தக் காகிதத்தை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள்? ‘படித்தேன், சம்மதிக்கிறேன்’ என்று போனில் வருகிறதே... அதையாவது? எழுத்தை விற்றுப் பிழைக்கிற நானே இந்த லட்சணம் என்றால்!

போன வெள்ளிக்கிழமை இந்த மாதக் கூட்டம். ‘பதினோரு பேரில் ஐந்து பேர் சரளமாக வாசிக்கின்றனர், ஆறு பேருக்கு இன்னும் பயிற்சி தேவை’ என்று தீர்மானம். ஓவியாதான் வாசித்தாள். ‘சரளமாக’வை ஒரே தாண்டில் தாண்டிவிட்டு, நாங்கள் கவனித்தோமா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை வேறு. செல்வி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

நோட்டு என்னிடம் வந்தது. பேனாவுக்குக் கையை நீட்டினேன். அம்மாவிடமிருந்து அதை வாங்கி வைத்திருந்த ஓவியா தரவில்லை.

“வாசிச்சிட்டுப் போடுங்க பெரியம்மா.”

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். அதற்கப்புறம்தான் பேனா கைக்கு வந்தது.

இந்தப் பத்தியைக்கூட அனுப்புவதற்கு முன் முழுசாக ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டேன் — இத்தனை வருஷத்தில் முதல் முறையாக!