பிரேசில் கோடும் கொட்டச்சேட்டு மிளகுக் கொடியும்

பொங்கல் கழிந்த வாரம். சேலத்தில் என் மசாலாக் கடையைத் திறந்த கையோடு, ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டிலிருந்து தங்கை செல்வி போனில் அழுதாள். "இவரு நாளைக்கு மரத்த பூரா அறுக்கச் சொல்லிட்டாருங்ணா. இறக்குமதி மிளகு வந்து நம்மள முழுங்கிருமாம்." அவர்கள் எஸ்டேட்டில் மிளகுக் கொடி ஏறுவது சில்வர் ஓக் மரங்களில். மரம் போனால் கொடியும் போச்சு, காப்பிக்கு நிழலும் போச்சு. மாவட்டத்தில் என்னைக் கேட்காமல் ஒரு மிளகுகூடக் காயாது என்பதால் கிளம்பினேன்.

மறுநாள் காலை ஆறு மணி பஸ். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரம். ஏற்காட்டிலிருந்து ஷேர் ஜீப். என் மீசை எனக்கே தெரியாத பனி. திடீரென்று டிரைவர் நிறுத்தினார். "ஏனுங்க, சத்தம் போடாதீங்க. முன்னால காட்டு மாடு நிக்குது." யானை சைஸில் பன்னிரண்டு நின்றன, டிரைவர் ஒன்றுதான் என்றார். புலியையே முறைத்த ஆள் நான். அன்று சீட்டுக்கடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது ரம்ப மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. தங்கை வீட்டுக்காரர் போனில் ஒரு படத்தை நீட்டினார். நம் நாட்டுக்கு வருஷா வருஷம் வரும் மிளகு. வியட்நாமுக்கு ஒரு கோடு, பிரேசிலுக்கு ஒரு கோடு, ஓரத்தில் 'மடங்கு' என்று பொடி எழுத்து. வியட்நாம் கோடு நத்தை. பிரேசில் கோடு செங்குத்துப் பாறை.

"பாருங்க மச்சான், ரெண்டும் ஒண்ணாத்தான் கெளம்புச்சு. பிரேசில்காரன் எங்க போயிட்டான் பாத்தீங்களா? இனி நம்ம மிளக நாய்கூடச் சீந்தாது."

என் கடையும் அதே மிளகில்தானே நிற்கிறது! நேரத்தைக் கடத்த, "மொதல்ல காய்ப்பப் பாக்கோணும்" என்று ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறினேன். உச்சியில் குனிந்து பார்த்தேன். அவ்வளவுதான், மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

"பெருசு, எறங்குங்க! உங்களையுஞ் சேத்து அறுக்க முடியாதுங்க," என்றார் ரம்பக்காரர்.

இறங்கினால் அறுப்பார்கள், இறங்கவும் கால் வரவில்லை. கண்ணைத் திறந்தால் மூக்குக்கு நேரே பழைய கொடி. இந்த வருஷம் ஒரு சாண்தான் வளர்ந்திருக்கிறது, ஆனால் காய்க்கொத்தெல்லாம் அதில். கீழே போன வருஷம் நட்ட சின்னக் கொடி முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்திருந்தது. காய் ஒன்றுமில்லை. எனக்குப் பளிச்சென்றது.

"மாப்பிள்ளை! கோடு ஒரே எடத்துல கெளம்புனா அளவு ஒண்ணுன்னு ஆகாது. அவங்கவங்க மொத வருசத்துக்கு எத்தன மடங்குன்னு படத்துல போட்டிருக்கான். பிரேசில் அந்தச் சின்னக் கொடி; இடுப்புக்கு வந்தாலே ரெட்டிப்பு. வியட்நாம் இந்தப் பழசு. சாண் வளந்தாலும் மூட்டை இதுலதான். அதோடதான இத்தன வருசமும் பொழைக்கறோம்!"

"இத எறங்கி வந்து சொன்னா ஆகாதாங்ணா?" என்றாள் செல்வி.

மாப்பிள்ளை போனையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப சின்னக் கொடி பெருசாகாதுங்களா, மச்சான்?"

நான் மரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை மோட்டாரை நிறுத்தச் சொன்னார். பிறகு, "அறுவடை முடியட்டும், இப்ப வேண்டாங்க," என்று ரம்பக்காரரை அனுப்பினார். நானாகவேதான் இறங்கினேன், இரண்டு பேர் சும்மா பிடித்துக்கொண்டார்கள்.

ஏற்காடு போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு மாட்டைப் பார்த்தால் ஜீப்பை விட்டு இறங்காதீர்கள். இறக்குமதிக் கோட்டைக் காட்டி யாராவது பயமுறுத்தினால், எத்தனை மடங்கு என்பதோடு எத்தனை மூட்டை என்றும் கேளுங்கள். மரங்கள் இன்றைக்கு நிற்கின்றன. ஆனால் மாப்பிள்ளை ரம்பக்காரரின் போன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை.