பெற்றவள் நாட்டில் இல்லை

டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஊழியத்துக்கென்று வெளிநாடு கிளம்பிய ஒருவரைக் கட்டிக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கி, சபைக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்த இரண்டு அறையில் குடித்தனம் போட்ட பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. புருஷனைச் சபையார் ஐயா என்பார்கள்; நாமும் அப்படியே சொல்லுவோம். ஐயா பிரசங்கம் பண்ணுவார், ஜெபம் பண்ணுவார், எந்த வீட்டில் சாவு, எந்த வீட்டில் சண்டை என்று காதில் விழுந்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். வாடகை ஒப்பந்தம், விசா, குடியிருப்பு அட்டை என்று காகிதத்தோடு மல்லுக்கட்டுவது மட்டும் டீச்சர் தலையில் விழுந்தது. அவர் கையில் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தால் பிறந்த தேதி கேட்ட இடத்தில் இன்றைய தேதியை எழுதிவிட்டு நிம்மதியாக எழுந்துபோவார்.

வருஷா வருஷம் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷம் குழந்தைக்கும் சேர்த்து. பிள்ளைக்கு அப்போது ஒன்பது மாதம். பட்டு என்று செல்லப் பெயர். பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பாள்.

குடியேற்ற அலுவலகத்தில் வழக்கம்போல ஈ காக்கை நுழைய இடமில்லாத கூட்டம். ஒன்றோடொன்று பூட்டிய இரும்பு நாற்காலிகள், யார் எழுந்தாலும் வரிசை முழுக்க ஆடும். டோக்கன் சீட்டைப் பட்டு கடித்துக் கூழாக்கியிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன் அந்த எச்சில் சீட்டைப் பார்த்துச் சிரித்தே விட்டான். ஐயாவின் பாஸ்போர்ட்டை வாங்கினான், கணினியில் தட்டினான், முத்திரை குத்தினான். அடுத்து டீச்சருடையது. தட்டினான். மறுபடி தட்டினான். பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினான். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"இந்த பாஸ்போர்ட்காரங்க எங்க?"

"நான்தாங்க." அந்த நாட்டுப் பாஷை அவளுக்கு இப்போது தண்ணீர் பட்ட பாடு.

"இவங்க போன வருஷமே நாட்டை விட்டுப் போயிட்டாங்க. திரும்பி வந்ததா பதிவு இல்லை. ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்ததால குடியிருப்பு அனுமதியும் ரத்தாயிடுச்சு."

டீச்சருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "நான் இல்லைன்னா இவ்வளவு நேரம் கால் கடுக்க வரிசையில நின்னது யாருங்க?"

அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. விமான நிலையம்!

பிரசவத்துக்குத் தாய்வீடு போவதென்று ஏழாவது மாதம் கிளம்பியிருந்தாள். பாஸ்போர்ட் சோதனை முடிந்து விமானம் ஏறும் வாசல்வரை போய்விட்டாள். அங்கே நின்ற விமான நிறுவனத்துப் பெண் இவள் காலையும் முகத்தையும் பார்த்தாள். உப்பிப்போய்க் கிடந்தது. ரத்த அழுத்தம் பார்த்தவர்கள் ஏற்ற மாட்டோம் என்று ஒரே பிடியாகச் சொல்லி, பக்கவாட்டுக் கதவு வழியாக அந்தப் பெண்ணோடு வெளியே அனுப்பி, வழியனுப்ப வந்து நின்ற ஐயாவிடம் ஒப்படைத்தார்கள். பாஸ்போர்ட் மேஜைக்காரனிடம் 'இவள் போகவில்லை' என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அங்கிருந்து நேரே ஊரின் மறுகோடியில் ஒரு பிரசவ விடுதி. படுத்த படுக்கையாக இருக்க வேண்டும், புருஷனைத் தவிர யாரும் பார்க்க வரக் கூடாது என்றார் டாக்டர். அங்கேயே கிடந்து, அங்கேயே பெற்றாள்.

இதையெல்லாம் மூச்சுவிடாமல் அவள் சொல்லிக்கொண்டிருக்க, அவன் பட்டுவின் பிறப்புச் சான்றிதழை எடுத்துத் தேதியைப் பார்த்தான்.

"அம்மா நாட்டுல இல்லாதப்போ குழந்தை எப்படி இங்க பொறந்துச்சு?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் சொல்வதற்குள் அவன் காகிதங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு காவலாளி வந்து, மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டுப்போனார்.

உள்ளே இருந்த விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"போன மாசம் ஒரு கும்பலைப் பிடிச்சோம். பொய்யா பிரசவச் சான்றிதழ் வாங்கி ஏழைங்க குழந்தைகளை வித்திருக்காங்க. அதுல ரெண்டு பேர் ஊழியம் பண்றோம்னு வந்தவங்க. நீங்க சொல்ற பிரசவ விடுதியும் இப்ப மூடிக் கிடக்கு. டாக்டர் எங்கேன்னு தெரியலை. என் இடத்துல நீங்க இருந்தா என்ன நினைப்பீங்க?"

விடுதி மூடியது டீச்சருக்குத் தெரியாது. "எங்க சபைக்காரங்களைக் கேளுங்க" என்றாள்.

"உங்க ஆளுங்க உங்களுக்குத்தானே பேசுவாங்க?" அதிகாரி ஐயாவின் பக்கம் திரும்பினார். "பிரசவத்தப்போ நீங்க கூட இருந்தீங்களா?"

டீச்சர் புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை.

"இல்லைங்க" என்றார் ஐயா. "வெளியூர்ல ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நாள் இருக்குன்னு நினைச்சேன். மறுநாள்தான் வந்தேன்."

"அப்ப குழந்தை பொறந்ததை நீங்க பார்க்கலை."

"பார்க்கலை."

அதிகாரி அதைத் தட்டி ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தும் டீச்சர் மண்டையில் விழுகிற மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு பணிப்பெண் வந்து பட்டுவை அவள் மடியிலிருந்து தூக்கினாள். "விசாரணை முடியிறவரைக்கும் பக்கத்து ரூம்ல இருக்கட்டும்" என்றார் அதிகாரி. "டி.என்.ஏ. பரிசோதனை முடிவு வர்றவரைக்கும் காப்பகத்துல வைக்கணுமான்னு அப்புறம் பார்க்கலாம்."

காப்பகம் என்ற சொல் டீச்சர் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. சுவருக்கு அப்பால் பட்டு வீறிட்டு அழ ஆரம்பித்தாள். பசி அழுகை. அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், இவள் மார்பு கனத்து, ரவிக்கை நனைந்து, சேலையிலும் ஈரம் படர்ந்தது. மறைக்கக்கூடத் தோன்றாமல் இருந்தாள். ஐயா தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி பார்த்தார். விசைப்பலகையை ஒதுக்கி வைத்தார்.

"இது சாட்சி ஆகாது" என்றார். பக்கத்து அறைப் பக்கம் கையைக் காட்டி, "பாலைக் கொடுத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. நாளைக்கு நீங்களும் குழந்தையும் டெஸ்டுக்கு வரணும். பாஸ்போர்ட் எல்லாம் இங்கேயே இருக்கும்."

வீடு வந்து கதவைச் சாத்தியதும் டீச்சர் வெடித்தாள்.

"ஆமான்னு சொல்லியிருந்தா உங்க வாயில இருந்த முத்து உதிர்ந்திருக்குமா?"

"பொய் சொல்லச் சொல்றியா டீச்சர்?"

"நான் பெத்தது பொய்யா?"

மேடையில் ஏறினால் ஆற்று வெள்ளமாகப் பேசுகிற மனுஷன் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றார்.

மறுநாள் டீச்சர் வாயிலிருந்தும் பட்டு வாயிலிருந்தும் பஞ்சில் எச்சில் எடுத்தார்கள். பட்டு அந்தக் குச்சியையும் கடிக்கப் பார்த்தாள். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

ஊரில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? சபையில் டீச்சருக்கு நெருக்கமானவள் ஒரு தையற்காரி. பட்டுவின் முதல் சட்டையைத் தைத்தவள். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "நமக்குள்ளதானே டீச்சர். உன்னை ஏழு மாசத்துல வழியனுப்பினோம், அப்புறம் பிள்ளையோடதான் பார்த்தோம். நடுவுல ஏதாவது ஆயி... எங்கேயிருந்தாவது எடுத்து வளர்க்கிறதுன்னாலும் அதுல தப்பு ஒண்ணும் இல்லையே."

அதிகாரி கேட்டபோது வந்தது பயம். இவள் கேட்டபோது நெஞ்சில் ஏதோ அறுந்தது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, "துணி காயப்போடணும்க்கா" என்று சொல்லி எழுந்துபோனாள்.

அன்றிலிருந்து அவளுக்கே ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. பட்டு தூங்கும்போது முகத்தை உற்று உற்றுப் பார்ப்பாள். இந்த மூக்கு யாருடையது? காது மடல் எங்கள் பக்கத்து ஜாடைதானா? வலி பொறுத்துப் பெற்றவள் அவள். தையல் போட்ட தழும்பு உடம்பில் இருக்கிறது. இருந்தும், அடுத்தவர் கண்ணால் தன் பிள்ளையைப் பார்க்கிறோமே என்று உணர்ந்ததும் பதறிப்போய்ப் பிள்ளையை வாரி எடுத்துக்கொள்வாள். தூக்கம் கலைந்த பட்டு கத்துவாள்.

கடைசியில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஐயாவும் கிளம்பினார். "நானே போயிக்கிறேன்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதிகாரி எழுந்து நின்றார். "குழந்தை உங்களோடதுதான்" என்றார்.

டீச்சருக்குச் சந்தோஷம் வரவில்லை. தெரிந்ததை இன்னொருத்தி சொல்லக் கேட்டு அழ வேண்டியிருக்கிறதே என்றுதான் அழுகை வந்தது.

"உங்க குடியிருப்பும் திரும்பக் கிடைச்சிடும். அதுக்கு உங்க வீட்டுக்காரருக்குத்தான் நன்றி சொல்லணும்."

"அவருக்கா?"

"டெஸ்ட் எடுத்த மறுநாளே வந்தார். அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொன்னேன், அது முழு உண்மை இல்லைன்னார். அப்புறம் என்னைக் கேள்வியே கேட்க விடலை. ஏர்போர்ட்ல உங்க கால் வீங்கி செருப்புக்குள்ள நுழையலையாமே? தன் செருப்பை உங்களுக்குக் கொடுத்துட்டு வெறுங்காலோட டாக்ஸி பிடிச்சாராம். தினமும் விடுதிக்கு வந்து கால் அமுக்கிவிட்டதையும், வயித்துக்குள்ள குழந்தை உதைச்சதையும் சொன்னார். சொல்லும்போதே அழுதுட்டார். உங்களை ஏத்த மாட்டேன்னு சொன்ன விமான நிறுவனத்துப் பெண்ணோட பேரு கூட ஞாபகம் வெச்சிருந்தார். அந்த நிறுவனத்துல விசாரிச்சோம். நீங்க ஏறலைன்னு அவங்க பதிவுல இருக்கு."

டீச்சர் திகைத்துப்போனாள். அவர் இப்படி வந்துபோனதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. அன்று நாக்கில் ஒரு பொய்க்கு இடம் கொடுக்காத மனுஷன், பிறகு வந்து இவ்வளவையும் கொட்டியிருக்கிறார். அந்த 'இல்லைங்க'வை அவளால் மன்னிக்க முடியுமா என்று அப்போது தெரியவில்லை. ஆனால் கோபம் பழைய இடத்தில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

"சங்கடப்படுத்திட்டோம்" என்றார் அதிகாரி.

வெளியே வந்தால், அதே கண்ணாடி, அதே இளைஞன். பட்டுவின் அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும் என்றான். இப்போது பணிவு வழிந்தது. வெள்ளைத் திரைக்கு முன்னால் பிள்ளையை உட்காரவைத்தாள். பட்டு ஓரிடத்தில் இராமல் தவழப் பார்த்தாள். பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தை மட்டும்தான் தெரியணும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா."

"தள்ள மாட்டேன்" என்றாள் டீச்சர்.

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு பொத்தானை அழுத்தினான்.