சரவிளக்கை மாட்ட வந்தவர்

கேட்டது நான், பதிலை என் கணவரிடம் சொன்னது ஏன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தாம்பரத்தில் எங்கள் புது ஃப்ளாட்டுக்கு ஆசையாக வாங்கிய கிரிஸ்டல் சரவிளக்கை மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அவர். படிய வாரிய தலை, காதில் செருகிய டெஸ்டர். நான் எது கேட்டாலும் என் கணவரைப் பார்த்துத்தான் பேசுவார்.

குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தபோது விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. "அண்ணா, கொக்கியை மேலே கான்கிரீட்ல போட்டீங்களா, வெறும் ஃபால்ஸ் சீலிங்லயா?" என்று கேட்டேன்.

"சார், அக்கா ரொம்ப பயப்படுது. உங்க பாடு பேஜார்தான்," என்றார். கணவர் சிரித்தார். எலக்ட்ரீஷியன் பையிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்து விளக்கில் கட்டினார். "கண்ணு படாது சார். ஒண்ணும் ஆவாது."

நான் கேட்டது திருஷ்டியைப் பற்றியா? இப்போது போன் செய்தால் அவர் எடுப்பதில்லை. கணவரோ, "விழுறதா இருந்தா இதுக்குள்ள விழுந்திருக்கும்" என்கிறார். தூசி துடைக்கக்கூட அதைத் தொடப் பயமாக இருக்கிறது. எத்தனை முறை தூக்கி வந்தாலும் மகள் அந்த மினுமினுப்பின் கீழேதான் தவழ்ந்து போகிறாள்.

சீலிங்கை உடைக்காமல், கொக்கி எதில் மாட்டியிருக்கிறது என்று பார்க்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உடைத்தால்தான் தெரியும் என்றாலும் சொல்லுங்கள், உடைத்துவிடுகிறேன்.