கை வைக்க மறுக்கும் ரத்தினபாய்

"செருப்பக் கழட்டு. இப்ப காலத் தரையில ஊனு பாப்போம்."

அனகாபுத்தூரில் சுளுக்கு எடுக்கும் ரத்தினபாய், எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவதற்கு முன் இதைத்தான் சொல்வார். வந்தவர் முகம் சுளித்தபடியாவது ஊன்றிவிட்டால் சுளுக்கு. ஊன்றவே முடியாவிட்டால் கிண்ணம் திறக்காது. "போய் எக்ஸ்ரே எடுத்துகினு வா. நான் தொட்டா கெட்டுடும்."

வயது ஐம்பத்திரண்டு. யாராவது 'டாக்டரம்மா' என்றால் கோபம் வந்துவிடும். சுவரில் இயேசு படத்துக்குக் கீழே ஓர் அட்டை; அதில் எலும்பு டாக்டர், பிசியோதெரபிஸ்ட் என்று போன் நம்பர்கள். நாவலூர் கம்பெனியில் வேலை பார்க்கும் சத்யப்ரியா அதே கழுத்து வலியோடு மூன்றாம் முறை வந்தபோது, "நீ வந்துகினே இருந்தா எனக்குத்தான் நல்லது, ஒனக்கு இல்ல" என்று ஒரு நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இந்தக் கறார் சும்மா வந்ததில்லை. ஒரு காலத்தில் கொத்தனார் வீராசாமியின் கணுக்காலைச் சுளுக்கென்று நினைத்து உருவிவிட்டார். உள்ளே எலும்பில் விரிசல் விட்டிருந்தது. "அவரு நொண்டிகினு போறதப் பாத்தா இன்னிக்கும் எனக்குச் சோறு எறங்காது."

போன மாதம் என் முறைக்காகக் காத்திருந்தேன். மீன் விற்கும் லோகநாதன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"யக்கா, வாயு புடிச்சுக்கினு கீது. ஒரு உருவு உருவி வுடு."

வெயில் ஏறாத காலை நேரம். அவர் சட்டையோ தொப்பலாக நனைந்திருந்தது. ரத்தினபாய் அவரை உற்றுப் பார்த்தார்.

"வலி தாடைக்கும் வருதா?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

"இது சுளுக்கு இல்ல லோகு, நெஞ்சு. அசையாம குந்து." சொல்லிக்கொண்டே 108-க்குப் போன் செய்தார்.

"பத்து வருசமா வர்றேன். ஒரு கை வைக்க மாட்டேன்றியே!"

"வச்சா நேரம் போய்டும்டா."

ரத்தினபாயின் குரல் ஏறவே இல்லை. வண்டி வந்ததும், காத்திருந்த எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தானும் ஏறிக்கொண்டார்.

லோகநாதன் பிழைத்துவிட்டார், மறுபடி மீன் விற்கிறார். எனக்கு மறக்காதது, அன்று வண்டிக் கதவு சாத்தப்படுமுன் பார்த்ததுதான். படுத்திருந்தவர் பயந்துபோய்க் கையை நீட்டினார். ரத்தினபாய் தன் கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கை முந்தானையில் அழுந்தத் துடைத்துவிட்டு, அந்தக் கையை அழுத்தாமல் பிடித்துக்கொண்டார்.