டின்னில் போட்ட மாத்திரைகள்

நீல நிறம், வட்ட வடிவம், மூடியில் ஒரு பண்ணை வீட்டுப் படம். வெண்ணெய் பிஸ்கட் வந்த டின் அது. சிங்கப்பூரில், கிராஞ்சி தொழிலாளர் விடுதியில் எங்கள் அறையில், ஃபோர்மேன் அண்ணனின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எவன் கிளினிக்குப் போய் வந்தாலும், உடம்பு தேறியதும் மிச்ச மாத்திரைகளை அதில் போட்டுவிட வேண்டும் என்பது அறையின் வழக்கம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ, யார் வேண்டுமானாலும் திறந்து எடுத்துக்கொள்ளலாம். டாக்டரிடம் போவதென்றால் சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டும், லாரிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். டின் இருந்தால் அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. என்ன அருமையான ஏற்பாடு என்று நானே பலமுறை மெச்சியிருக்கிறேன். மடையன்.

அண்ணனுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். கட்டட சைட்டில் நாள் முழுக்க அவர் வாய் ஓயாது. கம்பி ஒரு விரல் விலகியிருந்தாலும் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். சாயங்காலம் அவரே எங்களுக்கும் சேர்த்துக் குழம்பு வைத்திருப்பார். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று அவரை ஒரு மாதமாகப் படுத்திக்கொண்டிருந்தது. கிராம்பை அடக்கிக்கொண்டு, கன்னத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு சமாளித்தார். ஒரு நாள் கன்னம் வீங்கி வாயே திறக்க முடியாமல் போனது. சைட் நிசப்தமானது. “அண்ணன் வாய்க்கு இன்னிக்கு லீவு” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவன் நான்தான்.

ஃபேரர் பார்க்கில் ஒரு பல் கிளினிக்குக்குத் துணையாகப் போனேன். இருபதாவது மாடிச் சாரத்தில் விறுவிறுவென்று நடக்கிற மனிதர், ஊசியைப் பார்த்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஈறு மரத்த பிறகு பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் துணியை மாட்டினார்கள். பல்லின் உச்சியில் துளை போட்டு, மயிர் கனத்தில் இருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக விட்டு, அழுகிப்போன நரம்பைச் சுரண்டி எடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நெடி எனக்கே குமட்டியது. அவருக்கு வலி தெரியவில்லையாம்.

டாக்டர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். “அண்ணே, இன்னிக்கு பாதி வேலதான் முடிஞ்சிருக்கு. மேல போட்டிருக்கறது டெம்பரரி ஃபில்லிங். ரெண்டு வாரத்துல வந்து ஃபுல்லா அடைக்கணும். மரத்துப் போனது சரியாகற வரைக்கும் சாப்பிடாதீங்க. ரெண்டு மூணு நாளைக்குக் கடிச்சா வலிக்கும், அது நார்மல். அந்தப் பக்கம் மெல்லாதீங்க. ஆனா வீக்கம் திரும்பி வந்தாலோ, முழுங்க முடியலனாலோ, அப்பாயின்ட்மென்ட்லாம் பாக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். குடுத்திருக்கற ஆன்டிபயாடிக் மாத்திரைய பாதியில நிறுத்தக் கூடாது லா.” நாங்கள் இருவருமே தலையாட்டினோம். வெளியே வந்ததும் சிராங்கூன் ரோட்டில் டீ கேட்டு அடம்பிடித்தார். உதடு மரத்திருந்ததால் பாதி டீ சட்டையில் வழிந்தது. அதைப் பார்த்து அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்றாம் நாள் வலி போய்விட்டது. மாத்திரை அட்டையை டின்னில் போட்டார். “எனக்குத்தான் சரியாப் போச்சே. யாருக்காச்சும் ஆவும்.” அந்த வாரமே எனக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்தது. அவரே அந்த அட்டையை எடுத்து, வெந்நீரோடு வந்து நின்றார். “போடுடா தம்பி. என் வீக்கத்தையே வத்த வச்ச மருந்து.” போட்டேன். அட்டை காலியாகும் வரை போட்டேன். எனக்குச் சரியாகிவிட்டது.

இரண்டாவது அப்பாயின்ட்மென்ட் அன்று தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள். கலவை லாரிகள் வரிசையில் நிற்கும்போது எந்த ஃபோர்மேன் சைட்டை விட்டுப் போவான்? தள்ளிப் போட்டார். வலிதான் இல்லையே என்று மறுபடியும் தள்ளிப் போட்டார். பல்லில் வைத்த அடைப்பு உதிர்ந்தபோது அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டுச் சுண்டி எறிந்தார்.

அப்புறம் ஒரு காலை, தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கி எழுந்தார். நாக்கு மேலே தூக்கியிருந்தது, பேச்சு குழறியது. டின்னை இழுத்துத் திறந்து துழாவினார். வலி மாத்திரை இருந்தது, வாயு மாத்திரை இருந்தது. அந்த அட்டை இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “விடுடா, பரவால்ல” என்றார். இரண்டு வலி மாத்திரையைக் கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு லாரியில் ஏறினார். மத்தியானம் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்; எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். சீழ் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

ஊருக்குப் போன் போட்டுச் சொன்னது நான். அண்ணி அழவில்லை, முதலில் நம்பவே இல்லை. “பல்லு வலின்னுதானே தம்பி சொன்னாக? பல்லு வலிக்கு யாராச்சும் சாவாகளா?”

இப்போது சிராங்கூனில் வாடகை அறையில் இருக்கிறேன். போன மாதம் எனக்கே ரூட் கெனால். அதே ரப்பர் துணி, அதே கம்பிகள், அதே நெடி. இது வேறு டாக்டர். அண்ணன் கதையைச் சொல்லி, அவர் மருந்தை நான் தின்றதையும் சொன்னேன். டாக்டர், “அந்த மாத்திரை மட்டும் காப்பாத்தியிருக்காதுங்க. பல்ல ஃபுல்லா முடிச்சிருக்கணும். வீக்கம் வந்த அன்னிக்குக் காலையிலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் வீங்கினால் நேராக ஆஸ்பத்திரி என்று அந்தப் பெண் சொன்னபோது அண்ணனைத் தவிர அங்கே இருந்த இன்னொரு காது என்னுடையதுதான். அவர் டின்னைத் துழாவிக்கொண்டிருந்தபோது, அட்டையைத் தின்றவன் நான் என்ற கூச்சத்தில் தலையைக் குனிந்து நின்றேனே தவிர, “ஆஸ்பத்திரிக்குப் போவோம்ணே” என்று வாயைத் திறக்கவில்லை.

அவர் சாமான்களை ஊருக்கு அனுப்பியபோது டின்னை யாரும் சேர்க்கவில்லை. அது என் அலமாரியில் இருக்கிறது. எனக்கும் மூன்றாம் நாள் வலி நின்றது. கையில் அட்டையோடு அலமாரி வரை போய் மூடியைக்கூடத் திறந்துவிட்டேன், பழக்கம் அப்படி. உள்ளே ஒன்றுமில்லை. அங்கேயே நின்று அன்றைய மாத்திரையை வாயில் போட்டேன். ஒரு மிடறு தண்ணீரில் இறங்கிவிட்டது. அவருக்குக் கடைசியில் சொந்த எச்சில்கூட இறங்கவில்லை.