சரிவின் அடியில் உட்கார்ந்தவர்

2025 ஏப்ரல் 9, புதன்கிழமை, பிற்பகல் 2.10. கந்தர்வக்கோட்டையில் வெயில் நூற்று மூன்று டிகிரி. காற்று இல்லை, மேகமும் இல்லை. இவற்றை முதலிலேயே பதிவு செய்வதற்குக் காரணம் உண்டு. இனி நான் எழுதப்போவது குளிரைப் பற்றி. நடந்ததில் ஒரு சொல்லையும் கூட்டவில்லை.

தொழிலாளர் விபத்து வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பு எழுதுவது என் பணி. அன்றைய மனுதாரர் சொர்ணவல்லி. அவருடைய கணவர் அழகுமலை, ஒப்பந்தக்காரர் நிலவழகனிடம் வேலை பார்த்தவர். முந்தைய ஆண்டு ஏப்ரலில், இமயமலைக் கணவாய் ஒன்றில் சாலையை மூடிய பனியை அகற்ற நிலவழகன் அவரை அழைத்துச் சென்றார். வசந்தத்தில் வெயில் ஏற ஏற மலைமேல் பனி இளகிச் சரியும். நண்பகலுக்குப் பிறகு சரிவின் அடியில் எவரும் இருக்கக் கூடாது. நம் பக்கத்து மனிதர்களோ வெயில் ஏறினால் நிழலைத் தேடுவார்கள். அழகுமலை சோற்றுப் பொட்டலத்துடன் சரிவின் நிழலில் போய் உட்கார்ந்தார். பனி இறங்கியது. உடல் கிடைக்கவில்லை.

நிலவழகன் எச்சரித்தாரா, இல்லையா? வழக்கு அவ்வளவே. எச்சரித்திருந்தால் சாவுக்குப் பொறுப்பு இறந்தவர்மேலேயே விழும்; சொர்ணவல்லி வெறுங்கையுடன் திரும்புவார்.

“மூணு தடவ எச்சரிச்சேன் சார்,” என்றார் நிலவழகன். “நெழலக் கண்டா விடுவாய்ங்களா நம்மாளுக? மாமியா வீடு மாதிரி காலை நீட்டி ஒக்காந்துட்டான்.”

சொர்ணவல்லி அவரைப் பார்க்காமலே பேசினார். “ஒரு தடவ சொல்லியிருந்தாலும் எந்திரிச்சிருப்பாக. நீங்க நில்லுன்னா நின்ன ஆளு.”

எழுத முயன்றேன். பேனா எழுதவில்லை. மை உறைந்திருந்தது...

தட்டச்சர் சிவரஞ்சனி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். குளிர் குறையவில்லை. அந்த விசாரணை அறையில் ஏசி கிடையாது. நிலவழகன் மூச்சு விட்டார். அது வெண்புகையாக வெளிவந்தது. எங்கள் மூச்சு அப்படி வரவில்லை.

2.25. கூரைக்கு மேலே, ‘தொப்’. ஈரமூட்டை ஒன்று விழுந்த ஓசை.

பிறகு, சர்... சர்... என்று எதுவோ சரிந்தது.

மூவரும் மேலே பார்த்தோம். நிலவழகன் பார்க்கவில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சையே பார்த்தார். அது காலியாக இருந்தது. நடுவில் மட்டும் ஈரம்.

“எந்திரி,” என்றார்.

சொர்ணவல்லி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

“அங்கிட்டு ஒக்காராத, அழகுமலை. மேல பனி வருது... எந்திரிச்சு வந்துரு.”

ஈரம் பரவியது.

‘தொப்.’

ஒரு குரல். ஆண்குரல். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல... மிக அருகில்.

“இப்பச் சொல்றீங்களேண்ணே.”

நால்வரும் கேட்டோம்.

நிலவழகன் மேசையைப் பற்றிக்கொண்டார். எச்சரிக்கவே இல்லை என்றார். எச்சரித்தால் அன்றைய வேலை நின்றுவிடும் என்று வாயை மூடிக்கொண்டதாகச் சொன்னார். சிவரஞ்சனி தட்டச்சு செய்தார், நிலவழகன் கையொப்பமிட்டார். பக்கத்தைச் சரிபார்த்தேன். அந்தக் குரல் பேசிய வரியும் அதில் இருந்தது. பேசியவர் பெயருக்கான இடத்தை மட்டும் சிவரஞ்சனி வெற்றிடமாக விட்டிருந்தார். நான் திருத்தவில்லை.

தீர்ப்பைப் பெற்றுக்கொள்ள ஏப்ரல் 23 அன்று சொர்ணவல்லி மட்டும் வந்தார். நிலவழகன் ஏன் வரவில்லை என்று கேட்டேன். ஐந்து நாளுக்கு முன்பு, உச்சிவெயிலில், தம் முந்திரித் தோப்பில் இறந்துகிடந்தாராம். விரல் நுனிகள் கறுத்திருந்தன. மூச்சுக்குழல் நிறையத் தண்ணீர். உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தீர்களா என்று, பிணக்கூறாய்வு செய்த மருத்துவர் குடும்பத்தாரிடம் இரண்டு முறை கேட்டாராம். யாரும் வைக்கவில்லை.

“இதோட விட்ருங்கன்னு எங்க வீட்டுக்காரர்ட்ட நானும் கெஞ்சிப் பாத்தேன் சார்,” என்றார் சொர்ணவல்லி. “முடியாதுன்னுட்டாக.”

கையை நீட்டினார்.

கையொப்பமிட்ட தீர்ப்பைக் கொடுத்தேன்.