முகம் பார்த்துத் தூக்கும் கூடை

பேருந்து பழுதாகி நிற்கவே, மரக்காணம் உப்பளத்தின் வரப்பில் இறங்கி நிற்கின்றேன். பெண்கள் உப்பை அள்ளிக் கரையில் குவிக்கின்றனர். நிறைந்த கூடையை ஒருவரால் தனியே தலையில் ஏற்றிக்கொள்ள இயலாது. மற்றொருவர் எதிரே, மூச்சுப் படும் தொலைவில் நின்று கைகொடுக்க வேண்டும்.

காசநோய்ச் சிகிச்சையில் இருந்த அஞ்சலை இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறார் என்கிறார்கள். இணை கிடைக்காவிடில் அவருக்கு இங்கே வேலையில்லை. ஏனையோர் தயங்க, வேதவல்லி என்னும் நெடிய பெண்மணி அவர் எதிரே போய் நிற்கின்றார்.

"பயமா இல்லையாம்மா?" என்று வேதவல்லியிடம் வினவுகின்றேன்.

"மாத்திரை போடாம இருமிக்கினு இருந்தப்பதான் பயம்யா. இப்ப சளி டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல, ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. மத்தவளுங்க எல்லாம் குள்ளம், என் உசரத்துக்கு இவதான் ஜோடி."

அத்துணிவை வியந்து நோக்குகின்றேன். அஞ்சலையோ கூடையைப் பிடித்ததும், தம் மூச்சு வேதவல்லியின்மேல் படாதவாறு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கூடை சாய்ந்து உப்பு சரிகின்றது.

"மூஞ்சத் திருப்பாதடி. என்னப் பாத்துத் தூக்கு."

அஞ்சலை மெல்ல முகத்தைத் திருப்பி அவரைப் பார்க்கின்றார். கூடை நேராக எழுந்து அஞ்சலையின் தலையில் அமர்கின்றது.